முடக்கு

பரித்தித்துறையிலயிருந்து தேவேந்திரமுனை மட்டும்
மேசைக் கண்ணாடிக்குக் கீழ படம் விரிஞ்சு கிடக்கு.
இராசமனோகரன் சிவப்புப் பேனையால கோடு கீறுறார்.
நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க
மாத்தளை மறையுது.
கொக்குவிலில இருந்து நேர தெற்க போனால் என்ன எண்டு கேட்டன்.
இல்லையாம்.
முதல் வடக்க போய்த் தொடவேணுமாம்,
இல்லாட்டி கணக்கில சேராதாம்.

பெட்டி வீடு இக்னேசியஸ் ஒட்டினது,
எங்கட வளவுக்குள்ளயே வைச்சு, நாலு மாசம்.
அலுமினியத் தகடு, ரெண்டு ஜன்னல்,
நீட்டிப் படுத்தால் கால் கதவில முட்டும்.
வெங்காயச் சங்கத்துத் தராசைக் கொண்டந்து
ஒவ்வொரு சில்லா நிறுத்தம்.
வெறுமையா எழுநூற்று நாப்பது கிலோ.
அதுக்குப் பிறகு எங்கட வீட்டில எல்லாமே கிலோதான்.
நூறு லீற்றர் தண்ணி நூறு கிலோ.
சிலிண்டர். மெத்தை. ஒடியல் மா ரெண்டு.
அம்மி வேண்டாம் எண்டார், நான் கேட்கவேயில்லை.
“நீ எவ்வளவு?” எண்டு அவர் கேட்ட ராத்திரி
மறுமொழி சொல்லாமல் படுத்திட்டன்.

முந்தி ஒருக்காலும் வீட்டை இழுத்துக்கொண்டு
நாவற்குழிப் பாலம் தாண்டினனாங்கள்.
அப்ப ஒருத்தரும் நிறை பாக்கேல்லை.

கொழுவியில பத்தில ஒரு பங்கு பாரம் இறங்கவேணும்,
குறைஞ்சால் பெட்டி வாலாட்டும்,
பிறகு வான் சொல்லுறதை அது கேளாது.
அதால தண்ணித் தாங்கி முன்னுக்கு,
என்ர சட்டி பானை பின்னுக்கு,
அடுத்த நாள் திரும்ப முன்னுக்கு.
கடுகண்ணாவ இறக்கம் அவருக்குக் கனவில வருது.
ரெண்டாம் கியரில நிண்டு
கட்டில் சட்டத்தை உதைக்கிறார்.

என்ர பங்கு சிங்களம்.
‘இஞ்சை ஒரு ராத்திரி நிப்பாட்டலாமோ?’
கொப்பியில எழுதி, முகம் கழுவேக்கை சொல்லி,
தேங்காய் திருவேக்கை சொல்லி,
புளுவன்த, புளுவன்த,
விகாரை வளவுக்கு ஒரு மாதிரி,
பெற்றோல் செட்டுக்கு ஒரு மாதிரி,
குளக்கட்டில வாற பொலிசுக்கு இன்னும் பணிஞ்சு.

போன சனிக்கிழமைதான் கயிறு பிடிச்சு அளந்தவர்.
படலை காணும்.
படலைக்கு அங்கால, ஒழுங்கை முடக்கில,
பெட்டி திரும்ப நாலடி போதாது.
அந்த நாலடியில புஷ்பகாந்தியின்ர தகரவேலி.
பதினொரு வருசமா கோட்டில கிடக்கிற வேலி.
நாங்கள் போட்ட வழக்கு. ஒரு முழத்துக்கு.

தீவு முழுக்கக் கோடு கீறின மனுசன்
பேனையை மூடி வைச்சார்.
இக்னேசியசைக் கேட்டு
ரெண்டா வெட்டி ஒட்டலாமோ எண்டார்.

நான்தான் போனன், பொழுதுபடேக்கை.
தகரத்தில தட்ட
உள்ளுக்குக் கோழியள் ஒதுங்கிற சத்தம்.
வாயில வந்தது சிங்களம்.
தமிழில அந்த வசனத்தை நான் பழகேல்லை.

புஷ்பகாந்தி வேலிக்கு மேலால பெட்டியைப் பாத்தாள்,
என்னைப் பாக்கேல்லை.
“உள்ளுக்குக் குசினி இருக்கோ?”
“ஒற்றை அடுப்பு.”
“கக்கூசு?”
“வாளி.”
கன நேரம் நிண்டாள்.
“எத்தினை தகரம்?”
“மூண்டு.”
“கதியாலில கை வைக்கப்படாது. வழக்கு முடியேல்லை.”
“ஓம்.”
“திரும்பி வரேக்கையும் கழட்டவேணும், என்ன?”

ராத்திரி அவர் கேட்டார், என்ன சொன்னவள் எண்டு.
நான் பட்டியலை எடுத்து
அடியில ரெண்டு வரி எழுதினன்:
ஸ்பானர், பன்ரெண்டு.
புஷ்பகாந்திக்குக் கித்துள் பாணி, பெரிய போத்தல்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சார்.
“அது எவ்வளவு கிலோ?”
வரேக்கைதானே, எண்டன்.