இருபது நிமிடம்

மல்லாவியில் அரிவி வெட்டுத் தொடங்கினால்
புடையன் கடித்தவர்களை மோட்டார் சைக்கிளில்
இரண்டு பேருக்கு நடுவில் இருத்திக் கொண்டுவருவார்கள்.
கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து
அசைக்காமல் வைக்க வேண்டும்.
இருபது நிமிடம்.
பிறகு சரித்துப் பார்க்க வேண்டும்:
உறைந்திருந்தால் மூச்சு விடலாம்,
தண்ணீராய் ஓடினால் டொக்டரை எழுப்ப வேண்டும்.

அந்த இருபது நிமிடத்துக்குள்தான்
பொறுப்பு மிஸ்ஸி விடுதிக்குள் வந்தார்.
"ஏன் சும்மா நிக்கிறாய்?
நிக்கிறதுக்கே கவுண்மேந்து சம்பளம் தருது?"
கடிபட்டவரின் மனைவி
எனக்காகத் தலையைக் குனிந்தாள்.
சேற்றுக் கால், கையில் அவருடைய ஒற்றைச் செருப்பு.

ஜெயறூபி தாயின் அந்தியேட்டிக்கு லீவு கேட்டாள்.
ரோஸ்டரில் அன்றைக்கு அவளுக்குச்
சிவப்புப் பேனையால் இரவுக் கடமை.
அவள் அழவில்லை.
விடியப்புறம் நாலு மணிக்கு
இன்சுலின் பதினொன்றா பதினேழா என்று
கட்டில் அட்டையில் விளங்கவில்லை.
குவாட்டர்ஸுக்கு அடித்துக் கேட்கலாம்.
கேட்டால், விடிந்ததும் முழு விடுதிக்கும் கேட்க
"வாசிக்கத் தெரியாமலோ பாஸ் பண்ணினனீ?"
கேட்கவில்லை.
ஊசி பிடித்த கை தானாக நின்றதாம்.
சாப்பாட்டு அறையில், கதவைச் சாத்திவிட்டு
என்னிடம் சொன்னாள்.
எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

சொல்வார்கள், அந்தக் கடைசி மாதங்களில்
தறப்பாளின் கீழே, ரோச் வெளிச்சத்தில்
பொறுப்பு மிஸ்ஸி காயம் கட்டியவராம்.
கத்தினால்தான் ஆட்கள் அசைந்த நாட்கள்.
முடிந்துவிட்டது என்று
அவருக்கு யாரும் கையெழுத்து வைத்துக்
கொடுக்கவில்லையோ என்னவோ.
இதை மன்னிப்பாக நான் எழுதவில்லை.

ஞாயிறு பின்னேரம் மாங்குளச் சந்தியில்
பஸ் திரும்பும்போதே எனக்கு வயிறு பிசையும்.
மற்றவர்களுக்குப் பிரஷர் பார்க்கிற பட்டியை
ஒருநாள் என் கையில் சுற்றிப் பார்த்தேன்.
இலக்கத்தை எழுதவில்லை. பட்டியைச் சுருட்டி வைத்தேன்.
வீட்டில் மகன் பென்சில் சீவிய தூளைக் கொட்டினால்
"கண் பொட்டையே?" என்கிறேன்.
அவன் இப்போது சீவுவதற்கு
முற்றத்துக்குப் போகிறான்.

போன சனி இரவு
மேசையும் சாவிக்கொத்தும் சிவப்புப் பேனையும் என்னிடம்.
பயிற்சிக்கு வந்த விதுர்ஷா
குழாய்க்கு முன்னால் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.
"ஏன் சும்மா நிக்கிறாய்?" என்றது என் வாய்.
அதே இழுவை.
கடைசிச் சொல்லில் அதே வெட்டு.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
"இன்னும் ஏழு நிமிசம் இருக்கு, மிஸ்ஸி."

பக்கத்தில் போய் நின்றேன்.
கூரைத் தகரத்தில் மரநாய் ஓடியது.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவள் சரித்தாள்.
கண்ணாடியில் ஒட்டாமல்
சிவப்பு ஓடியது.

டொக்டரின் போன் எடுபடவில்லை.
அவளை அனுப்பாமல் நானே ஓடினேன்,
பொக்கற்றில் அந்தப் பேனை
நெஞ்சில் இடித்துக்கொண்டிருக்க.

அவளிடம் சொல்லவேண்டியதை
இன்னும் சொல்லவில்லை.