இருபத்துமூன்று கிலோ

மொனாஸ்டிர். கடலோர விடுதியின் பின்பக்கம்
சலவை இயந்திரங்களுக்கும் பந்துக் கூடைகளுக்கும் நடுவே
என் மேசை.
டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறேன்.
வாரம் தவறாமல் போட்டி நடக்கும் ஊர் இது.
வாரம் தவறாமல் யாரோ தோற்று
எனக்குப் பாக்கி வைத்துவிட்டு விமானம் ஏறுவார்கள்.

இலிங்கா வ்ராபியே பாக்கி வைத்ததில்லை.
மால்டோவாக்காரி. வயது இருபத்தொன்பது.
உலகத் தரவரிசையில் எழுநூற்றுப் பதினாறு.
அறுநூற்று நாற்பதில் இருந்தேன் ஒருசமயம் என்பாள்,
காலிசெய்த வீட்டின் விலாசம் சொல்வதுபோல.

மற்றவர்கள் நான்கு மட்டை நீட்டுவார்கள்.
அவள் ஒன்று.
நரம்பும் அவளே கொண்டுவருவாள்,
சுருளிலிருந்து அளந்து வெட்டி,
ஒரு சாண் மிச்சமில்லாமல்.
"இருபத்துமூன்று கிலோ, மொன்ஜி. கூடவும் வேண்டாம்,
குறையவும் வேண்டாம்."

தகுதிச் சுற்று. ஒன்பதாம் ஆடுகளம்.
பந்து பொறுக்கப் பையன்கள் கிடையாது.
கோட்டைப் பார்க்க ஆள் கிடையாது.
உள்ளேயா வெளியேயா,
அவரவர் மனசாட்சிதான் நடுவர்.
எதிரே ஜிவா, பதினேழு வயது, ஸ்லொவீனியா.
வேலிக்கு வெளியே பயிற்சியாளர், அப்பா, ஒரு கேமரா.
அவளுடைய நான்கு மட்டைகளையும்
முந்தின இரவு நான்தான் கட்டினேன்.
நன்றாகவே கட்டினேன்.

போன வருடம் இதே வாரம்
இலிங்கா இங்கே எடுத்த புள்ளிகள்
திங்கட்கிழமை காலாவதி.
பால் பாக்கெட் மாதிரி, என்று சிரித்தாள்.

மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து.
நரம்பு அறுந்தது.
சலவைக்காரப் பெண் ஓடிவந்து மட்டையை நீட்டினாள்.
கையிலிருந்த வேலையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.
பதினாறு நிமிடம்.
வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் கட்டியதில்லை.
வெயிலில் ஓடிப்போய் நின்றபோது
வலைக்கு மேல் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஐந்து-ஏழு.
பழைய மட்டையால் ஆடியிருக்கிறாள்,
பந்து எங்கே போகுமென்று அதற்கே தெரியாத மட்டை.

கூலி வேண்டாம் என்றேன்.
பதினைந்து தினாரை எண்ணி வைத்தாள்.
"தோல்விக்கெல்லாம் தள்ளுபடி தராதே.
நீ பிழைக்க மாட்டாய்."
பிறகு கைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.
எந்த நாட்டுக்காரனோ,
அவள்மேல் பந்தயம் கட்டித் தோற்றவன்,
அவள் சாகவேண்டும், அவள் அம்மாவும் சாகவேண்டும்
என்று எழுதியிருந்தான்.
"பார் மொன்ஜி," என்றாள்,
"நான் ஜெயிப்பேன் என்று நம்பியவனும் ஒருத்தன் இருந்திருக்கிறான்."

சிரிப்பதா என்று தெரியவில்லை.
நரம்புத் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கினேன்.

மறுநாள் அதிகாலை பெட்டியோடு வந்தாள்.
அடுத்த வாரம் அன்டால்யா.
விமானத்தில் அனுமதி இருபத்துமூன்று கிலோ.
இழுவிசை சரிபார்க்க நான் வைத்திருக்கும் தராசில்
பெட்டியைத் தொங்கவிட்டோம்.
இருபத்துநான்கு.
இரண்டு ஜோடிக் காலணி, மின்கெண்டி,
முழங்கால் பட்டி, பனிக்காலக் கோட்டு,
அறையில் ரகசியமாகக் கிண்டித் தின்னும்
மக்காச்சோள மாவு ஒரு பொட்டலம்.
மாவை எடுத்து என் அலமாரியில் வைத்தாள்.
முள் இறங்கி நின்றது.

தோளில் அந்த மட்டை,
ஒரு பந்தும் படாத நரம்போடு.
அடிக்காவிட்டாலும்
இரவோடு இரவாக நரம்பு தளரும்.
அன்டால்யாவில் இறங்கும்போது இருபத்தொன்று இருக்கலாம்.
நான் சொல்லவில்லை.
பேருந்தில் ஏறுமுன்
உள்ளங்கையால் அதை ஒருமுறை தட்டி,
காதருகே வைத்துக் கேட்டாள்.