செல்லடிச்ச நேரம்

செக்கானூரணி தாண்டி ஒரு மாடிவீடு.
சாரத்தில் நின்று இரண்டாம் கோட் அடித்துக்கொண்டிருந்தேன்.
இளம்பச்சை.
வீட்டுக்காரர் துபாயிலிருந்து போட்டோ அனுப்பிய பச்சை
இது இல்லை. அது அவர் பாடு.

கீழே பொட்டலில் முளைப்பாரிக்குக் கும்மி பழகினார்கள்.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்,
முளைப்பாரிக்குப் பதில் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

    செல்லடிச்ச நேரமெல்லாம் – என்
    செல்லமே நீ எங்க போன?
    செல்லடிச்சு ஓஞ்ச பின்னே – ஒரு
    சேதி சொல்ல யாரிருக்கா?

கொலுசு போட்ட ஒருத்தி
கையைக் காதில் வைத்துப் போன் பேசுவதுபோல் ஆடினாள்.

    சார்சு போட்டு வச்சிருக்கேன் – என்
    சாமி ஒரு வார்த்த பேசு!

ரோலர் பக்கெட்டுக்குள் விழுந்தது.

எங்கள் ஊரில் செல் அடித்தால்
யாரும் எடுத்துப் பேசியதில்லை.
குப்புறப் படுப்போம்.
காதைப் பொத்து, வாயைத் திற என்று அம்மா கத்துவா.
எனக்கு ஆறு வயது.
இரண்டையும் பொத்துவேன்.

இறங்கிப் போய்க் கேட்டேன்.
"விருமன் மாமா எடுத்துக் குடுத்தது" என்றாள் கொலுசுக்காரி.
"அப்ப ஊர்ல ஒரு செல்லு கூடக் கெடையாதாம்.
எப்பிடித்தான் பாடுனாரோ!"

விருமன், பழைய ஹவில்தார்.
இப்போது உசிலம்பட்டியில் ஒரு பேங்க் வாசலில் காவல்.
அன்றைக்கு லீவு. கட்டிலில் உட்கார்ந்து
பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.
என் முதல் வார்த்தைக்கே கை நின்றது.
"முகாமா?"
"உச்சப்பட்டி."
"அதுக்கு முந்தி?"
"உரும்பிராய்க்குக் கிட்ட."
ஒரு பூண்டுப் பல் உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று.
எடுக்கவில்லை.

"எம்பத்தேழு. ஐப்பசி மழை.
ஒரு வீட்டுக்குள்ள பொம்பளை ஒப்பாரி வைக்குது.
எங்க சின்னாத்தா செத்தன்னைக்குக் கேட்ட ராகம், அப்பிடியே.
அன்னைக்கு வந்தவங்கள்ல எனக்கு மட்டுந்தான் தமிழு.
என்ன சத்தம்னு சுபேதார் கேட்டான்.
பாட்டுக்கு இந்தியில கானா. 'கானா, சாப்'னேன்.
நம்ம வாயில பாட்டும் சோறும் ஒரே கானாதானே.
சோறுன்னு நெனச்சு நேரா அடுப்படிக்குப் போயிட்டான்,
பானையத் தொறக்க.
அந்தப் பொம்பளை பாட்ட நிறுத்திட்டு
'சோத்துக்கோ வந்தனியள்?'னு கேட்டுச்சு,
என்னைய மட்டும் பாத்து.
மடியில என்ன கெடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் பூண்டுத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"லீவுல வந்து குடிச்சிட்டுப் பாடுனேன்.
கெடச்சது நாலு வரி. பொம்பளைக புடிச்சுக்கிட்டாக.
மொதல்ல செல்லரிச்சன்னு பாடுனாக, கரையான்னு நெனச்சு.
போன் வந்த பெறகு
தானா செல்லடிச்சன்னு ஆயிருச்சு.
அதுதானே சரி?
விட்டுட்டேன்."

'எங்க போன' இல்லை, 'எங்க நிண்டாய்' என்றிருக்கும் என்று
சொல்ல நினைத்தேன். மணி ஐந்து.
ஆறுக்குள் முகாமில் நிற்க வேண்டும், தணிக்கை நாள்.

சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது
கொலுசுக்காரி வந்து நின்றாள்.
"பெயிண்டரண்ணே, ஒரு சுத்துக்கு ரெண்டு வரி கொறையுது.
ஒங்களுக்கு ஏதாச்சும் வருமா?"

எனக்குப் பாட்டு வராது.
வாளித் தண்ணீர் பச்சையாகத் தெளியத் தெளிய,
வாய் தானாகச் சொல்லிற்று:

    காதப் பொத்திப் படுத்திருந்தேன் – நீ
    கூப்பிட்டது கேக்கலையே.

"மிஸ்டு கால்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸுக்கு நடக்கையில் திரும்பிப் பார்த்தேன்.
குடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள்
இரண்டு கையாலும் காதைப் பொத்தி
வாயைப் பெரிதாகத் திறந்திருந்தார்கள்,
அம்மா சொன்ன மாதிரியே.