மணி அடிக்காத கணக்கு

ஹாவ்டெர்ன் படகு மூழ்கிப் பதினேழாம் நாள்.
வார்டோ மீனவர் நிதி அலுவலகத்தில்
நானும் ஸ்வீடனிலிருந்து வந்த கணக்கு எந்திரமும்.
மதியம் இரண்டு மணி, வெளியே இருட்டு.
இனி ஜனவரிக் கடைசியில்தான் சூரியன்.

இறந்தவன் ஒவ்வொருவன் பேரிலும்
நாலாயிரத்து எண்ணூறு குரோனர்.
அவனை நம்பியிருந்த தலைகளால் அதை வகுத்து
ஆளுக்கு இவ்வளவு என்று எழுத வேண்டும்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு.
காலியாக விடக்கூடாது என்று
அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

எந்திரத்துக்கு உண்மையில் வகுக்கத் தெரியாது,
கழிக்கத்தான் தெரியும்.
நான்கு நான்காக எடுத்துக்கொண்டே போகும்.
எடுத்தது அதிகமானால் ஒரு மணி அடிக்கும்,
கடைசியாக எடுத்ததைத் திருப்பி வைக்கும்,
வண்டி ஓரிடம் நகரும்.
திருடிவிட்டுச் சங்கடப்படும் மனிதனைப் போல.

இங்கிலா வீட்டில் நான்கு பேர்: ஆயிரத்து இருநூறு.
அஸ்லாக் வீட்டில் மூவர்: ஆயிரத்து அறுநூறு.
தலைவர் ஹால்வார்டுக்கு மனைவி மட்டும்,
முழுத் தொகையும் அவளுக்கே.
வாய் குறையக் குறையப் பங்கு பெருத்தது.
அதைக் கவனித்ததற்கே வெட்கப்பட்டேன்.

அடுத்தவன் ஸிவெர்ட் மூ, படகின் சமையல்காரன்.
நம்பியிருந்தோர்: 0.
(அவன் கையால் தினமும் நான்கு பேர் சாப்பிட்டார்கள்.
அவர்களைப் பற்றிப் படிவம் கேட்கவில்லை.)

பழக்கத்தில் விசையை அழுத்திவிட்டேன்.

எந்திரம் ஒன்றுமில்லாததை எடுத்தது.
நாலாயிரத்து எண்ணூறு அப்படியே நின்றது.
மறுபடி எடுத்தது.
அப்படியே நின்றது.
எண்ணும் சக்கரம் மட்டும் ஓடியது,
ஏழு, எட்டு, ஒன்பது, சுழி, மறுபடி ஒன்று.
மேசை அதிர்ந்து காப்பியில் வளையங்கள்.
மணி அடிக்கவே இல்லை.

மிகப் பெரிய விடை ஒன்றை நோக்கி
விரைகிறதென்றுதான் முதலில் நினைத்தேன்.
அது எங்கும் போகவில்லை.
கொடுக்க நீண்ட கை
வாங்கக் கையில்லாமல் திரும்பி
நீள்கிறது, திரும்புகிறது, நீள்கிறது.

உள்ளறையிலிருந்து ரூட் எட்டிப் பார்த்தார்.
"சுழி என்று போடு, ஒட்னி.
யாருமில்லை, யாருக்கும் ஒன்றுமில்லை."

நெம்புகோலை இழுத்து நிறுத்தினேன்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு.
வந்த ஈவை வகுத்த எண்ணால் பெருக்கினால்
புறப்பட்ட தொகை வீடு திரும்ப வேண்டும்.
ரூட் சொன்ன சுழியைச் சுழியால் பெருக்கினேன்: சுழி.
நூறு போட்டேன். பத்து லட்சம் போட்டேன். சுழி.
அதற்குள் இறங்கிய எதுவும்
நாலாயிரத்து எண்ணூறாகத் திரும்பவில்லை.
இறங்கிய ஐவரும் திரும்பவில்லை.

ஐந்தாமவன் ஐமோ. பின்லாந்துப் பையன்.
பாதிப் பெயர்தான் கிடைத்தது.
அன்று காலைதான் ஏறியிருக்கிறான்,
பதிவாகாததால் அவன் பேரில் தொகையும் இல்லை,
கேட்டு வர ஆளும் இல்லை.
சுழியைச் சுழியால்.
இங்கே நேர்மாறு: மூன்று போட்டேன், பொருந்தியது.
எழுபது போட்டேன், அதுவும்.
எல்லா எண்ணும் சரியென்றால்
எந்த எண்ணை அவனுடையது என்பேன்?

இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன்.
ரூட் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
டிரோம்ஸோவிலிருந்து தணிக்கையாளர் வந்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"இதற்கென்ன விடை?" என்றார்.
"விடை இல்லை, ஐயா. சுழி என்பது வேறு" என்றேன்.
அவர் காப்பி கேட்டார்.

ஒன்பது வருடமாகிறது.
ஒவ்வொரு டிசம்பரும் புதிய பேரேட்டில்
நான்தான் எடுத்தெழுதுகிறேன்:
ஸிவெர்ட் மூ, நாலாயிரத்து எண்ணூறு, வகுபடவில்லை.
அடுத்த வரியில் ஐமோ.
அதற்கு எதிரே பேனாவைக் கொஞ்ச நேரம்
காகிதத்தில் படாமல் பிடித்திருப்பேன்.