ஐந்து நாற்பது

ஜூலை பதினெட்டுப் பெருஞ்சாலையில்
பூட்டப்போகிற கடை.
யமிலா எட்டுப் பெட்டிகளை எடுத்து வைக்கிறாள்.
அதெமார் விரலால் படிக்கிறார்.
எட்டும் வழவழப்பு.
எனக்கு எல்லாம் ஒரே பெட்டிதான், என்கிறார்,
நீ விலையை மட்டும் படி.

படித்தேன்.
ஐந்தைத் தள்ளி வைத்தார்.

முதலாவது காதை அடைத்துக்கொள்ளும் ரகம்.
வெளிச்சத்தம் துளி வராது, யமிலாவுக்குப் பெருமை.
போட்டுக்கொண்டதும்
தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர் முகம் ஆயிற்று அவருக்கு.
கையை நீட்டி என் தோளைத் தேடினார்.
நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்,
பேசிக்கொண்டும் இருந்தேன்.

அடுத்தது காதுமடலில் மாட்டும் கொக்கி.
குதித்துப் பார்க்கலாமா?
ஐம்பத்து மூன்று வயது,
வரி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் உத்தியோகம்,
கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே பன்னிரண்டு குதி.
காவலாளி எட்டிப் பார்த்தான்.
இடது காதுக்கானது தெறித்து மேசைக்கடியில் ஓடியது.
யமிலா மண்டியிட்டுத் தேடினாள்.
விழட்டும் என்று நினைத்தேன்.
எல்லாமே விழட்டும்.

சொல்லிவிடுகிறேன்.
மூன்று வருடமாக
எங்கள் மணிக்கட்டுகளை ஒரு ஷூ லேஸ் இணைக்கிறது.
செவ்வாய், வியாழன், ஞாயிறு
ஆற்றங்கரைச் சாலையில் எட்டு கிலோமீட்டர்.
ஆறு என்றால், எதிர்க்கரை தெரியாத ஆறு.
மேடு, நாய், சைக்கிள்,
மாத்தே உறிஞ்சியபடி வழியை அடைத்துப் போகும் குடும்பம்,
எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும்.
கிலோமீட்டருக்கு ஒருமுறை கேட்பார்: எவ்வளவு?
ஐந்து நாற்பது, என்பேன்.
கடிகாரத்தில் ஆறு பத்து இருக்கும்.

முதல் தடவை வாயில் வந்துவிட்டது.
பல் பிடுங்கிய மறுநாள் அவர், தென்காற்று வேறு.
ஐந்து நாற்பது என்ற மாத்திரத்தில்
லேஸ் விறைத்தது, என்னை இழுத்துக்கொண்டு போனார்.
அப்புறம் எப்படி நிறுத்துவது?
அரை நிமிடம் ஒரு பொய்யா?
ஒருநாள் தூக்கம் வராமல் கூட்டிப் பார்த்தேன்:
மூன்று வருடத்துக்கு
ஒன்றேகால் நாளுக்கு மேல் வந்தது.

இப்போது மகள் அனுப்பிய கைக்கடிகாரம் வேகம் சொல்லுமாம்.
அது பேசுவதைக் கேட்க
காதுக்கு ஒன்று வேண்டுமாம்.

மூன்றாவது காதைத் தொடவே இல்லை.
கன்னத்தெலும்பில் உட்கார்ந்து
எலும்பு வழியாகப் பேசியது.
அதெமார் அசையாமல் நின்றார்.
உன் வளையல் கேட்கிறது, என்றார் யமிலாவிடம்.
தெருவில் பஸ் பிரேக் போடுகிறது.
இவோனுக்கு மூக்கடைப்பு.
இதற்கெல்லாம் மேலே ஒரு பெண் பாடுகிறாள்.

வியர்வை? தாங்கும்.
மழை? தாங்கும்.
சார்ஜ் எட்டு மணி நேரம்.
பச்சை எரிந்தால் இருக்கிறது, சிவப்பு என்றால் தீரப்போகிறது,
இதை மட்டும் யமிலா என்னிடம் சொன்னாள், குரலைத் தாழ்த்தி.
அவர் அந்தப் பக்கம் திரும்பி
பணத்தாள்களை நீளம் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு.
புசேயோ துறைமுகத்தில் மீன் வாடை.
முதல் கிலோமீட்டர் முடிந்த இடத்தில்
தலையை லேசாகச் சாய்த்தார்.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.
வழிக்குக் குறுக்கே ஒரு தூண்டில் கம்பு.
குனியுங்கள், என்றேன். குனிந்தார்.
அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் முழுக்க
காலடிகள், நான்கு.

பிறகு,
இது செத்துப்போயிற்று, இவோன், என்றார்.
சார்ஜ் போட மறந்திருப்பேன்.
நீயே சொல், எவ்வளவு?

அவர் காதுக்குப் பின்னால்
நரைக்கு நடுவில்
பச்சைப் புள்ளி.

ஆறு இருபது, என்றேன்.

லேஸ் தளர்ந்தது.
நாலைந்து அடி தள்ளி மறுபடி விறைத்தது.

எதிர்காற்று, என்றார்.

படகுக் கழகத்துக் கொடி
கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம், என்றேன்,
இன்றைக்கு ரொம்பவே.