ஆறு பற்கள்

சுவைக்கில் மணி மூன்றரை.
கடல்பக்கத்து ஈரம்
எனக்கு முன்னே வந்து
டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது.
துடைக்கவில்லை. துடைத்தாலும் வரும்.

வெயில் ஏறுவதற்குள்
நாலு பாத்தி ரோட்ஸ் புல் விழவேண்டும்.
ஒட்டகங்களுக்கு வெள்ளியும் கிடையாது
ஞாயிறும் கிடையாது.

கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸ் எடுக்கிறேன்.
மொஃபிசுல் போன் வெளிச்சத்தை ஆட்டுகிறான்:
ஆவ், ஆவ், பஸ்.
எங்கள் இருவருக்கும் பொதுமொழி
இந்த இரண்டு சொல்லும்
கொஞ்சம் கெட்ட வார்த்தையும்.

இடக்கை முதலில்.
டிராக்டருக்கும் இடக்கை வலக்கை உண்டு.
வலதைத் திருகி ஏற்றலாம் இறக்கலாம்;
இடது வளைந்து கொடுக்காது.
பிடிவாதக்காரனை முதலில் மாட்டிவிட்டு
சொன்னபடி கேட்பவனிடம் அப்புறம் வரவேண்டும்.
கொண்டி ஊசி ஒன்றைக் காணோம்.
நேற்று இருந்தது.
வெல்டிங் கம்பியை வளைத்துச் செருகினேன்.
மேலே நடுக்கம்பியும் இறுக்கியாயிற்று.

இனி ஷாஃப்ட்.

இறங்கும்போதே சாவியை உருவிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
சாவி எவன் பையிலோ
அவன் மட்டுமே குனியலாம்.
கம்பெனிச் சட்டமில்லை, இங்கே கம்பெனியே இல்லை.
என் அட்டையில் வீட்டு டிரைவர் என்றிருக்கிறது.
வீட்டுக் காரை அர்பாபின் மகன் ஓட்டுகிறான்.
இது மெக்கானிக் குல் நவாஸ் போட்ட சட்டம்.
வலக்கையில் சுண்டுவிரலும் அடுத்ததும் இல்லை அவனுக்கு.
கேட்டால்
சோஹாரில் விட்டுவிட்டு வந்தேன் என்பான்,
பஸ்ஸில் குடையை மறந்தவன் மாதிரி.

டிராக்டரின் பின்பக்கம் துருத்தி நிற்கும் இரும்பு முளை.
சுற்றிலும் ஆறு பற்கள்.
ஷாஃப்டின் வாய்க்குள் ஆறு பள்ளம்.
நேர்பட்டால்
குழந்தை தள்ளினாலும் போகும்.
நேர்படாவிட்டால் சுத்தியலுக்கும் மசியாது.
அடித்துப் பார்த்திருக்கிறேன்,
தழும்பு இன்னும் இருக்கிறது, ஷாஃப்டில்.

கட்டைவிரலால் பூட்டுப் பொத்தானை அமுக்கி
மறுகையால் மொத்தப் பாரத்தையும் ஏந்தியபடி
தள்ளுகிறேன்.
இல்லை.
மணிக்கட்டுவரை கிரீஸ்.
இல்லை.

பை அதிர்கிறது.
ஊரில் ஐந்து மணி.
இந்நேரத்தில் அழைக்க ஜெபமணி ஒருத்திதான்,
அதுவும் நல்லதுக்கு அழைக்கமாட்டாள்.
எடுக்கக் கையில்லை.
சாவியும் போனும் பைக்குள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.

'ரூக் பாய்!'
ஆரோக்கியசாமியில் இங்கே மிஞ்சியது அவ்வளவுதான்.
அந்தக் கோடியில் மொஃபிசுல்
வெட்டும் உருளையைக் கையால்
பின்னோக்கிச் சுற்றுகிறான்.
ஒரு நூல்.
இன்னும் ஒரு நூல்.

டக்.

சத்தத்தை நம்பாதே, இழுத்துப் பார்:
இதுவும் குல் நவாஸ்.
இழுத்தேன். வரவில்லை.
இன்னொரு தரமும் இழுத்தேன்.

மேலுறை பாதி உடைந்திருக்கிறது.
புதிது அடுத்த மாதம் என்று
போன ரமலானில் சொன்னார் அர்பாப்.
மொஃபிசுலின் லுங்கியைக் காட்டி
ஈச்சமரத்தைக் காட்டினேன்.
முனகிக்கொண்டே முப்பது எட்டு போய் நின்றான்.

போன் திரை என் விரலை
யாரோ என்றது.
ஈர இருக்கையில் அழுத்தித் தேய்த்து
மறுபடி வைத்தேன்.

'பீரோ உள்ளறைச் சாவி எங்க?
பையன் சர்டிபிகேட் இன்னிக்குக் குடுக்கணும்.'
'மேல்தட்டு, பழைய டைரிக்குள்ள.'
கொஞ்ச நேரம் ஏதோ உருளும் சத்தம்.
'இருக்கு. திரும்ப மாட்டேங்குது.'
'அமுக்காத. இன்னொரு கையால
கதவ லேசாத் தூக்கு.'
'தூக்கிட்டேன்.'
'இன்னும் ஒரு நூல்.'

அவள் மூச்சு மட்டும் கேட்டது.
ஈச்சமரத்தடியில் மொஃபிசுல்
வெளுக்கும் வானத்தைக் காட்டி
கெட்ட வார்த்தை சொன்னான்.
நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
அந்தச் சத்தத்துக்காக
எஞ்சினைப் போடாமல் நின்றேன்.