சத்தமில்லாத ஏழு மாதம்

ரோலரில் தோள் நசுங்கிய அன்று
தோட்டத்து டிஸ்பென்சரி தந்த வெள்ளைக் குளுசை
வலியோடு இருமலையும் வாய்பொத்தியது.
"நல்ல மருந்து" என்றாள் பேச்சாயி.
பலகைக்கு அந்தப் பக்கம்
சடையன் வீடும் அயர்ந்து தூங்கியது.

சட்டைதான் முதலில் கோள் சொன்னது,
தோளைவிட்டு இறங்கி.
பிறகு, மஸ்கெலியாக் குளிரில்
நள்ளிரவு வேர்வை.

கிளினிக்கில் குப்பியை நீட்டி
இருமச் சொன்னார்கள்.
வரவில்லை.
"எத்தனை மாசமா போடுறீங்க?"
மிஸ்ஸி கேட்டார். நான்
பிரட்டுக்குப் பிந்தியவன்போல் நின்றேன்.

இப்போது செங்குளுசை.
மூத்திரம் செம்மஞ்சள்.
அது வந்த மூன்றாம் வாரம்
வெள்ளைக்கு வலி மசியவில்லை;
ஒன்று மற்றதைத் தின்றுவிடுமாம்.
இரவெல்லாம் இருமுகிறேன்,
எல்லாருக்கும் கேட்க.

வெள்ளிக்கிழமை
சடையன் மகளின் முன்கையில்
ஊசித் தடிப்பை
அடிமட்டம் வைத்து அளப்பார்கள்.